ஏலியன் எப்படி பொறந்ததுன்னு வேண்டாம், கப்பல்ல யாரெல்லாம் இருந்தாங்கன்னு சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க சினிமா பக்கத்துல ஓரமா ஒரு அஞ்சு வரி செய்தி பாத்தேன். 'ஏலியன்: எர்த்'னு ஒரு புது சீரியல் வர்ற 2025 ஆகஸ்ட் 12ஆம் தேதி அமெரிக்காவுல ஆரம்பிக்குது, அந்த கொடூர ஏலியன் எப்படி உருவாச்சுங்கிற ரகசியத்தை இதுல சொல்லப் போறாங்கன்னு போட்டிருந்தீங்க. இந்த மாதிரி சீரியலுக்கெல்லாம் நம்ம பேப்பர்ல இடம் குடுத்தது ரொம்ப சந்தோசம், ஆனா அந்த கடைசி வரி மனசுல கெடந்து உறுத்திக்கிட்டே இருக்கு, ஏன்னா அந்த ரகசியத்தை மட்டும் சொல்லிரக் கூடாதேன்னுதான் நாங்க ஏழெட்டு கூட்டுக்காரங்க நாகர்கோவில்ல டீக்கடையில உக்காந்து பேசிக்கிட்டே இருக்கோம்.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லுதேன். 1979ல ரிட்லி ஸ்காட் எடுத்த 'ஏலியன்' படத்தோட கதை 2122ல நடக்கும். புது சீரியல் அதுக்கு ரெண்டு வருசம் முந்தி, 2120ல. நோவா ஹாலிங்கறவர் பண்ணுதாரு, மொத்தம் 8 எபிசோடு, தாய்லாந்துல போய் எடுத்திருக்காங்க, நமக்கு ஜியோஹாட்ஸ்டார்ல வரும். வெய்லாண்ட் யுடானிங்கற கம்பெனியோட ஆராய்ச்சிக் கப்பல் ஒண்ணு, பேரு மாஜினோ, விண்வெளியில இருந்து திரும்பி வரும்போது பூமியில வந்து விழுது, உள்ள என்னெல்லாமோ ஜந்துக்கள் இருக்கு. கதை அங்க இருந்து போகுது.

நான் தூத்தூர் பக்கம் கடற்கரை ஊர்க்காரன். எங்க அப்பா முப்பது வருசத்துக்கு மேல தங்கல் போட்டுல, அதாவது ஆழ்கடல் படகுல போனவரு, முப்பது நாப்பது நாள் கடல்லயே கெடந்து சுறாவும் சூரையும் பிடிக்குற வேலை. இப்ப அண்ணன் போறான். 2017 நவம்பர் கடைசியில ஓகி புயல் வந்துட்டு போனப்புறம் கொஞ்ச நாள் எங்க ஊர்ல யாரும் கடலுக்கு இறங்கல, அப்ப ஒரு ராத்திரி தூக்கம் வராம நான் லேப்டாப்புல அந்த பழைய படத்தை போட்டு பாத்துக்கிட்டு இருந்தேன், அப்பா வந்து பக்கத்துல உக்காந்தாரு. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் ஒவ்வொண்ணா தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன்.

அந்த படத்துல ஏழு பேரு ஒரு இழுவைக் கப்பல்ல 2 கோடி டன் தாது ஏத்திக்கிட்டு வீட்டுக்கு திரும்பி வருவாங்க. வீரனும் கிடையாது விஞ்ஞானப் பெரியாளும் கிடையாது, கூலிக்கு கப்பல் ஓட்டுறவங்க. எஞ்சின் ரூம்ல வேலை பாக்குற பார்க்கரும் பிரெட்டும் தூங்கி எந்திரிச்ச உடனே பேசுற பேச்சு என்ன தெரியுமா சார், எங்க ரெண்டு பேருக்கும் ஏன் பங்கு கம்மிங்கறதுதான். நான் 'பங்கு'ன்னு சொன்னதும் அப்பா நிமிந்து உக்காந்துட்டாரு. எங்க போட்டுலயும் அதே முறைதானே, டீசல் ஐஸ் ரேஷன் செலவெல்லாம் கழிச்சுட்டு மிச்சத்தை போட்டுக்கும் ஆளுங்களுக்குமா பிரிப்பாங்க, போட்டு ஓட்டுற ஸ்ராங்குக்கு ஒரு கணக்கு, எஞ்சின் பாக்குறவருக்கு ஒரு கணக்கு, கரைக்கு வந்தப்புறம் அதுல ஒரு பேச்சு வராம இருக்காது. அப்புறம் வழியில ஒரு சிக்னல் வருது, போய் பாக்க மாட்டோம்னு பார்க்கர் சொல்லுதான், பாக்கலன்னா பங்கு மொத்தமும் போயிரும்னு காண்ட்ராக்ட்லயே எழுதியிருக்குன்னு இன்னொருத்தன் சொல்லுதான். அப்பா மெதுவா, "அப்ப போயித்தானே மக்ளே ஆவணும்"னாரு. பேய்ப்படம் பாக்குற பயம் அதுவரைக்கும் அவருக்கு வரவே இல்ல, அந்த இடத்துலதான் வந்துச்சு.

கடைசியில தெரியவரும், அந்த ஜந்துவை எப்பாடுபட்டாவது கொண்டு வரணும், ஆளுங்க போனாலும் பரவால்லன்னு கம்பெனியே உத்தரவு போட்டிருக்குன்னு. தப்பிச்ச ரிப்ளி மட்டும் தனியா உக்காந்து செத்தவங்க பேரை ஒவ்வொண்ணா பதிவு பண்ணுவா, கேன், லாம்பர்ட், பார்க்கர், பிரெட், ஆஷ், கேப்டன் டல்லாஸ்னு. நான் அந்த பேரையெல்லாம் திருப்பி சொன்னேன். அப்பா ஒண்ணும் பேசாம எந்திரிச்சு முற்றத்துக்கு போயிட்டாரு. அந்த டிசம்பர் முழுக்க சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளைன்னு ஊர் ஊரா பேரு எழுதின லிஸ்ட்டுதான் எங்க கையில இருந்துச்சு, வராதவங்க லிஸ்ட்டு. குழித்துறை ரயில்வே ஸ்டேஷன்ல ஊர்க்காரங்க தண்டவாளத்துல போய் உக்காந்து மறியல் பண்ணினதும் அந்த பேருங்களுக்காகத்தான்.

அதனாலதான் சார் சொல்லுதேன், ஏலியன் எங்கேருந்து வந்துச்சுங்கறது எனக்கு முக்கியமே இல்ல. அதை ஏற்கெனவே ஒரு தடவ சொல்லிப் பாத்தாச்சு. முதல் படத்துல ஒரு பாழடைஞ்ச கப்பலுக்குள்ள யானை தும்பிக்கை மாதிரி மூஞ்சியோட ஒரு ராட்சச உருவம் நாற்காலியோட நாற்காலியா இறுகிப்போய் உக்காந்திருக்கும், அது யாரு என்னன்னு யாருக்கும் தெரியாது, முப்பது வருசத்துக்கும் மேல நாங்க அதையே நினைச்சு பயந்துக்கிட்டு கெடந்தோம். 2012ல 'ப்ரோமிதியஸ்' வந்து அது வெறும் சட்டைதான், உள்ள இருக்கிறது மனுசன் மாதிரி வெள்ளையா ஒரு ஆளுன்னு காட்டிட்டாங்க. 2017ல வந்த படத்துல அந்த ஏலியனையே ஒரு ரோபோதான் உக்காந்து வளர்த்துச்சுன்னு ஆக்கிட்டாங்க. படமாப் பாத்தா பிரமாதமா எடுத்திருந்தாங்க, அதை மறுக்கல, ஆனா அதுக்கப்புறம் அந்த நாற்காலியை பாத்தா பழைய நடுக்கம் வர மாட்டேங்குது.

முடிவு தெரிஞ்ச கதையில என்ன சுவாரசியம்னு கேப்பாங்க. நம்ம மாவட்டத்துக்காரங்க அதை கேக்கவே கூடாது. கூட வேலை பாக்குற நண்பன் ஊர்ல கோயில் கொடைக்கு கூப்பிட்டு போயிருந்தேன், ராத்திரி வில்லுப்பாட்டு, வேணாட்டு படைத்தலைவன் இரவிக்குட்டிப்பிள்ளை கதை. கணியாகுளம் போர்ல அவரு செத்துப்போவாருன்னு அங்க உக்காந்திருந்த சின்னப் பிள்ளைக்கு கூட தெரியும். ஆனா கெட்ட கனவு கண்டுட்டு அம்மாவும் பொண்டாட்டியும் போவாதேன்னு மறிக்குற இடத்துல குடம் அடிக்குறது மெதுவாயிட்டு, பக்கத்துல இருந்த பாட்டி முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டாங்க. எப்படி செத்தாருங்கறதுக்கு யாரும் அழல சார், போறதுக்கு முந்தி வீட்டுல நடந்ததுக்குத்தான் அழுதாங்க.

'ஸ்டார் வார்ஸ்' கதையில வந்த 'ஆண்டோர்' சீரியல் அதைத்தான் பண்ணிச்சு. 2016ல வந்த 'ரோக் ஒன்' படத்தோட முடிவுல காசியன் ஆண்டோர் சாகுறதை பாத்துட்டுத்தான் எல்லாரும் சீரியலுக்கு வந்தோம், ரெண்டு சீசன், 24 எபிசோடு, 2025 மே மாசம்தான் முடிஞ்சுது. பழைய இரும்பு உடைக்குற ஊரு, சம்பளமில்லாம ஏதோ ஒரு சாமான் செஞ்சுக்கிட்டே இருக்குற ஜெயிலு, இதையெல்லாம் பொறுமையா காட்டினாங்க. அந்த பொறுமை ஹாலி சாருக்கும் இருக்கணும்னு ஆசை. மாஜினோ கப்பல் முதல் எபிசோடுலயே வந்து விழுந்துரும்னு டிரெய்லர் பாத்தா தெரியுது, விழட்டும், ஆனா அதுல இருந்தவங்க யாரு, எத்தனை வருசமா வீட்டுக்கு போகல, எவ்வளவு பங்குக்கு ஒத்துக்கிட்டு ஏறினாங்க, அதை ஒரு எபிசோடாவது திரும்பிப் போய் சொல்லணும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. 1986ல வந்த ரெண்டாம் படத்துல 57 வருசம் தூங்கி எந்திரிச்ச ரிப்ளி கம்பெனி ஆளுங்க முன்னால நின்னு நடந்ததை சொல்லுவா, அப்படி ஒரு ஜந்துவை எங்கயுமே யாரும் பாத்ததில்லன்னு அவங்க அவளை நம்ப மாட்டாங்க. அதுக்கு ரொம்ப முந்தி 2120லயே பூமிக்கு வந்திருச்சுன்னா இது எப்படி சரியா வரும்? நாங்க சண்டை போடுற கேள்வி இதுதான். என் ஆசை என்னன்னா, கம்பெனி எப்படி மூடி மறைச்சுதுன்னு காட்டணும், யாரு ஃபைலை எடுத்து உள்ள வச்சா, யாருக்கு காசு குடுத்தாங்க, செத்தவங்க வீட்டுக்கு என்ன சொல்லி அனுப்பினாங்க, அதைக் காட்டினா அதுக்கு மேல பயங்கரம் எதுவும் தேவையில்ல. நோயாளிக் குழந்தைங்களோட மனசை எடுத்து செயற்கை உடம்புல வைக்கிற இன்னொரு கம்பெனியும் இதுல வருதாம், அந்த பிள்ளைங்க அப்புறம் யாருக்கு சொந்தம்ங்கறதை கேட்டாங்கன்னா அதுவும் நல்ல கதைதான்.

ஏலியனை அதிகம் காட்டவும் வேண்டாம். முதல் படத்துல அந்த ஏலியன் வேசத்துக்குள்ள இருந்தவரு போலாஜி படேஜோங்கற நைஜீரியாக்காரரு, கிட்டத்தட்ட ஏழடி உயரம், ஒல்லியான ஆளு, அவரு நின்னாலே போதும். கம்ப்யூட்டர்ல வரைஞ்சு ஓட விட்டா அந்த பயம் வராது. கப்பல்லயும் பழைய பச்சை எழுத்து திரை, தட்டி அழுத்துற பட்டன் இதெல்லாம் அப்படியே இருக்கணும், டிரெய்லர்ல பாத்த வரைக்கும் அதுல குறை வைக்க மாட்டாங்கன்னு தோணுது.

தமிழ்லயும் இது நல்லபடியா வரணும். டப்பிங் பண்ணுறவங்க எஞ்சின் ரூம் ஆளுங்களுக்கு செய்தி வாசிக்கிற தமிழ் குடுத்துரக் கூடாது, வேலைக்காரன் பேச்சு வேணும், பங்குன்னா பங்குன்னே சொல்லணும்.

இப்ப மீன்பிடி தடைக்காலம், அண்ணன் வீட்டுலதான் இருக்கான், ஜூலை 31 முடிஞ்சா போட்டு போயிரும். திரும்பி வர செப்டம்பர் பாதி ஆகும். அவன் வந்தப்புறம்தான் மூணு பேருமா உக்காந்து பாக்குறதா பேசி வச்சிருக்கோம், அப்பாவும் சரின்னுட்டாரு. அதுக்கு முந்தியே உங்க விமர்சனம் வந்துரும்னு தெரியும். முடிவை எழுதினாலும் எங்களுக்கு வருத்தமில்ல சார், ஆனா எழுதுறவர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க, ஏலியனுக்கு எத்தனை பல்லுன்னு எழுதுறதுக்கு பதிலா மாஜினோ கப்பல்ல இருந்தவங்க பேரையெல்லாம் விடாம எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
தூத்தூர் பக்கத்து வாசகன்,
கன்னியாகுமரி மாவட்டம்.