எத்தனை ஜிபி ராம் என்பது இருக்கட்டும், வெயிலில் திரை தெரியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

காரில் தனியாக வாங்கி மாட்டும் நேவிகேஷன் ஸ்டீரியோக்களைப் பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வரும் அறிமுகங்களைத் தவறாமல் படிக்கிறேன். எத்தனை இஞ்ச் திரை, எத்தனை ஜிபி ராம், எந்த ஆண்ட்ராய்டு, பின்பக்கக் கேமரா உண்டா, எல்லாம் இருக்கும். நடுவெயிலில் அந்தத் திரையில் வழி தெரியுமா, பழைய ஸ்டீரியோவில் தெளிவாகக் கேட்ட எஃப்எம் இதிலும் கேட்குமா, இந்த இரண்டைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட வராது. மாட்டிய பிறகு நான் கேட்கிற புலம்பலெல்லாம் இவற்றைப் பற்றித்தான்.

கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் எந்தத் திரையும் பளபளவென்றுதான் இருக்கும். திரையின் ஒளியை நிட்ஸ் கணக்கில் சொல்வார்கள். மலிவான யூனிட்டுகளின் பெட்டியில் அந்த எண்ணைத் தேடினாலும் கிடைக்காது. இன்றைய நல்ல செல்போன்கள் வெயிலில் 1000 நிட்ஸுக்கு மேல் போகின்றன, அதற்குப் பழகிய கண்ணுக்கு 300, 400 நிட்ஸ் திரை பகலில் எரிகிறதா அணைந்திருக்கிறதா என்றே சந்தேகம் வரும். நிட்ஸ் மட்டும் இருந்தாலும் போதாது. ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். டச் கண்ணாடிக்கும் பின்னால் உள்ள எல்சிடிக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தால், கண்ணாடியின் வெளிப்பக்கம், உள்பக்கம், எல்சிடியின் முகம் என்று மூன்று இடத்திலிருந்து வெளிச்சம் திரும்பி வந்து, வரைபடத்துக்குப் பதில் நம் சட்டைதான் தெரியும். இடைவெளியில்லாமல் பசை நிரப்பி ஒட்டிய திரைகளில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். அப்புறம் பேனல், அதாவது எல்சிடி எந்த வகை என்பது. டிஎன் வகை என்றால் நேராகப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும், ஆனால் காரில் திரை இருப்பதோ ஓட்டுகிறவருக்குப் பக்கவாட்டில், கண்ணுக்குக் கீழே! ஐபிஎஸ் வகையில் அந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே திரையைப் பார்த்து வாங்குவது நல்லது, சில திரைகள் அதன் வழியே கறுத்துப்போகும்.

இரவில் நேர் எதிர். ஹெட்லைட் போட்டதும் திரை தானாக மங்க இல்லுமினேஷன் வயர் என்று ஒன்று உண்டு. மாட்டுகிறவர் அதை டேப் சுற்றி ஓரமாக விட்டுவிட்டால் கண் கூசக் கூச ஓட்ட வேண்டியதுதான்.

ரேடியோ விஷயத்தில் பல நேரம் யூனிட்டின்மேல் குற்றமே இருக்காது. எஃப்எம் அலையின் கால்பங்கு நீளம் கிட்டத்தட்ட 75 சென்டிமீட்டர், ஆன்டெனா அந்த அளவு இருந்தால் நன்றாகப் பிடிக்கும். அவ்வளவு நீளக் கம்பி இப்போது பெரும்பாலான கார்களில் கிடையாது, கூரையில் குட்டையாக ஒன்று நிற்கும், இல்லை பின்கண்ணாடியில் கோடுகளாகப் பதிந்திருக்கும். அந்தக் குறையை ஈடுகட்டப் பல கார்களில் ஆன்டெனாவோடு ஒரு ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பார்கள். அதற்கு 12 வோல்ட் வேண்டும். சில கார்களில் அது தனி வயரில் போகும், சிலவற்றில் ஆன்டெனா கேபிள் வழியாகவே போகும். கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றியதும் அந்த மின்சாரம் நின்றுவிடுகிறது, ஸ்டேஷன்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. தனி வயர் வகை என்றால் புது யூனிட்டிலிருந்து ஆன்டெனாவுக்கு மின்சாரம் தரும் வயரை (பெரும்பாலும் நீல நிறம்) அதோடு இணைக்க வேண்டும், கேபிள் வழியாகப் போகிற வகை என்றால் மின்சாரம் ஏற்றுகிற அடாப்டர் ஒன்றை நடுவில் போட வேண்டும். சின்னச் சாமான்தான். எனக்கு மாட்டித் தந்தவரிடம் கேட்டபோது, "இப்பல்லாம் யார் சார் ரேடியோ கேக்குறாங்க" என்றார். வேறொருவர் அந்த அடாப்டரைப் போட்டுத் தந்ததும் ஸ்டேஷன்கள் திரும்பி வந்துவிட்டன.

அதன்பிறகும் கரகரத்தால் டேஷ்கேமராவையும் யூஎஸ்பி சார்ஜரையும் பிடுங்கிவிட்டுக் கேட்டுப் பார்க்கலாம். மலிவான சார்ஜர்களுக்குள் இருக்கும் ஸ்விட்சிங் சர்க்யூட் ரேடியோவுக்குள் இரைச்சலைக் கொட்டும். யூனிட்டின் பிராசஸரும் திரையின் பின்விளக்கும்கூட அதே வேலையைச் செய்யக்கூடியவை, உள்ளே உலோகக் கவசம் ஒழுங்காகப் போட்டிருந்தால்தான் தப்பிக்கலாம், அது நம் கையில் இல்லை. செட்டிங்கில் 'லோக்கல்' ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் தேடும்போது பலமான ஸ்டேஷன்களில் மட்டும்தான் நிற்கும்.

போனில் கேட்டுக்கொள்ளலாமே என்பார்கள். சரி, புயலில் டவர் விழுந்து நெட் போன இரவில் எதில் கேட்பது?

அடுத்த முறை இப்படி ஒரு யூனிட்டை அறிமுகம் செய்யும்போது, நண்பகலில் காரை நிழலில்லாத இடத்தில் நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையிலிருந்து திரையைப் படம் எடுத்துப் போடுங்கள். அதே காரில் பழைய ஸ்டீரியோவில் எத்தனை ஸ்டேஷன் கிடைத்தது, புதியதில் எத்தனை என்றும் எழுதுங்கள். நிட்ஸ் எவ்வளவு, ரேடியோவுக்கு எந்த டியூனர் சிப் என்று தயாரித்தவர்களிடம் கேட்டுப் பதில் வரவில்லை என்றால், வரவில்லை என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்