முன்னோரைத் தேட நிலத்தைப் பின்தொடருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடும்ப மரம் வரைவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆர்வத்தைத் தூண்டும் கட்டுரைதான். ஆனால் கொள்ளுத்தாத்தாவின் பெயரை இணையதளத்தில் போட்டால் பரம்பரை முழுவதும் வந்து நிற்கும் என்ற எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. இங்கிலாந்தில் அது ஓரளவு நடக்கும். வீடு வீடாக எடுத்த பழைய மக்கள்தொகைக் கணக்குப் புத்தகங்கள் அங்கே இருக்கின்றன. இங்கேயும் 1871இலும் 1881இலும் கணக்கெடுத்தார்கள். கூட்டுத்தொகை அச்சேறியது; வீட்டுவாரித் தாள்கள் மிஞ்சவில்லை. பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சென்னை மாகாணச் சட்டம் 1899இல்தான் வந்தது. 1850இல் ஒரு சிற்றூரில் பிறந்த உழவருக்குப் பிறப்புச் சான்று தேடி அலைவது வீண். அவர் பெயர் எழுத்தில் ஏறியிருந்தால், பெரும்பாலும் அது ஒரு துண்டு நிலத்தை ஒட்டியே ஏறியிருக்கும்.

பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஏன் வழி தவறுகிறது என்று முதலில் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர்தான் தலைப்பெழுத்து. பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பதால் ஒன்று விட்டு ஒரு தலைமுறையில் அதே பெயர் திரும்பத் திரும்ப வரும். அண்ணன் தம்பி நால்வரும் தம் மூத்த பிள்ளைக்குத் தகப்பன் பெயரையே வைத்திருந்தால், ஒரே ஊரில் ஒரே வயதில் நான்கு முத்துக்கருப்பன்கள் இருப்பார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கம் வேறு. அதனால் பெற்றவள் பிள்ளையை வேறு பெயரில் அழைத்திருப்பாள். ஊரும் அதையே அழைத்திருக்கும். வீட்டில் ‘ராசு தாத்தா’ என்று சொல்லப்படுபவர் பத்திரத்தில் வேறு ஆளாக நிற்பார். பழைய பத்திரங்களில் ‘இன்னார் என்கிற இன்னார்’ என்று வரும் இடத்தை ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள். அந்த ‘என்கிற’தான் இரண்டு பெயரையும் ஒரே மனிதராக்கும்.

வீட்டில் மூத்த பெண்களிடம் கேட்கும்போதும் ‘உங்க தாத்தாவோட அப்பா பேர் என்ன?’ என்று தொடங்கினால் இரண்டு தலைமுறையோடு பேச்சு நின்றுவிடும். எந்தெந்த வீட்டில் சாவு விழுந்தால் நமக்குத் தீட்டு, கோடி போடும் உரிமை யாருக்கு, காதுகுத்துக்கு மடியில் உட்கார வைத்த தாய்மாமன் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். தீட்டு காக்கும் வீடுகள் பங்காளிகள். அவர்கள் எல்லோருக்கும் மேலே எங்கோ ஒரே பாட்டன் இருக்கிறான். குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி வாங்கும் நோட்டு இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். அதில் எந்த வீடு எந்த வகையறாவோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது என்பது, பெயர்களைவிடப் பயன் தரும் செய்தி.

இனி நிலம். இன்றைய பட்டாவில் உள்ள புல எண்ணையும் உட்பிரிவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த ‘யுடிஆர்’ வேலையில் உட்பிரிவுகள் மாறியிருக்கலாம். கிராம நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் பழைய எண்ணுக்கென்று ஒரு கலம் உண்டு. அங்கிருந்து மறு நிலவரித்திட்டப் பதிவேடு (நிலத்துக்குத் தரம் பார்த்து மறுமுறை வரி விதித்தபோது எழுதியது), அதற்கு முந்தைய முதல் நிலவரித்திட்டப் பதிவேடு, அதற்கும் முன்னால் பைமாஷ் என்ற பழைய நில அளவைக் கணக்கு என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போக வேண்டும். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் அடுத்த ஊர்க்காரரின் நிலத்தில் போய் நிற்பீர்கள், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் எண்கள் மாறியிருக்கக்கூடும். ஒவ்வொரு பதிவேட்டிலும் நிலத்தின் பரப்பு, தரம், தீர்வை (நிலவரி) மூன்றையும் குறித்துவைத்து ஒத்துப்பாருங்கள். எண் மாறினாலும் பரப்பு ஏறக்குறைய ஒத்துவரும். தஞ்சைப் பக்கம் வேலியிலும் மாவிலும் எழுதியிருக்கும்: 20 மா ஒரு வேலி; 100 குழி ஒரு மா, இன்றைய கணக்கில் சுமார் 33 சென்ட். செங்கல்பட்டுப் பக்கத்துக் காணி சுமார் 1.32 ஏக்கர்.

இவை கிராம நிர்வாக அலுவலகத்தில் இல்லையென்றால் வட்டாட்சியர் அலுவலகம், ஆட்சியரகப் பதிவறை, கடைசியாக எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிக் கேட்கலாம். ‘என் முன்னோர் பற்றிய விவரம்’ என்று எழுதினால் இல்லை என்றே பதில் வரும். கிராமத்தின் பெயர், எண், பதிவேட்டின் பெயர், புல எண் ஆகியவற்றைச் சொல்லி, அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று கேளுங்கள்.

கோயில் பூசாரி, தச்சர், கொல்லர், நாவிதர் போன்றோர் வழியில் வந்தவர்கள், மானியமாக விடப்பட்ட நிலங்களுக்கான இனாம் பதிவேட்டை விட்டுவிடக் கூடாது. 1858இல் தொடங்கிய இனாம் கமிஷன் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்து, அனுபவிப்பவர் பெயர், வயது, இருக்கும் ஊர், முதலில் மானியம் பெற்றவருக்கு இவர் என்ன உறவு என்பதையெல்லாம் எழுதிவைத்தது. ஒரே வரியில் இரண்டு, மூன்று தலைமுறை கிடைக்கக்கூடிய வேறு அரசுப் பதிவேடு எனக்குத் தெரிந்து இல்லை.

பத்திரப் பதிவு இங்கே 1865 முதல் நடக்கிறது. இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975க்கு இப்பால் உள்ளதையே காட்டும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுத்தான் தேட வேண்டும். ஆண்டு தெரியாமல் தேடினால் தேடுகூலி ஏறிக்கொண்டே போகும். எனவே கையில் உள்ள மிகப் பழைய பத்திரத்தை எடுத்து, அதில் தாய்ப்பத்திரத்தின் எண், ஆண்டு, புத்தக எண் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நேராக அந்த நகலைக் கேட்கலாம்; அதிலிருந்து அதற்கு முந்தையது. இன்றைய அலுவலகம் பிற்காலத்தில் பிரிந்ததாக இருந்தால் பழைய புத்தகங்கள் தாய் அலுவலகத்திலேயே தங்கியிருக்கும். நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிய வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் சிறு துண்டுகள் எல்லாம் அந்த வரம்புக்குள்தான். பாகமும் பல வீடுகளில் வாய்மொழியாகவோ கூறுசீட்டாகவோ முடிந்துவிட்டது. எனவே பதிவில் இல்லை என்றால் ஆளே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

பத்திரம் கிடைத்ததும் எல்லோரும் எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டு மூடிவிடுகிறார்கள். உறவு முழுவதும் அதற்குக் கீழே இருக்கிறது. ‘எனக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு என் சுவாதீன அனுபவத்தில் இருந்துவருகிற’ என்றால் நிலம் தகப்பன் வழி வந்தது. தேடலைத் தகப்பன் பெயரில் தொடரலாம். சுயார்ஜிதம் என்றால் அவரே வாங்கியது. அந்த நிலத்தில் பாட்டனைத் தேடிப் பயனில்லை. ‘மைனர் இன்னாருக்குத் தாயும் கார்டியனுமான இன்னாள்’ என்று வந்தால் மூன்று செய்தி ஒன்றாகக் கிடைக்கிறது: கணவர் அதற்குள் இறந்துவிட்டார், பிள்ளைக்கு வயது வரவில்லை, வேறெங்கும் எழுதப்படாத ஒரு பெண்ணின் பெயர் இதோ இருக்கிறது. பிறகு நான்கெல்லை. ‘பெரியகருப்பன் பாகத்து நிலத்துக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு, என் தம்பி வீரன் நிலத்துக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு.’ பாகம் பிரிந்த நிலத்தில் பக்கத்து வரப்புக்காரர் பங்காளியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரே வயலை ஒட்டிய நான்கைந்து பத்திரங்களின் எல்லைகளை ஒரு தாளில் கட்டம் போட்டு வரைந்தால், ஒரு பாட்டனின் நிலம் எப்படிக் கூறு கூறாகப் பிரிந்தது என்பது கண்முன் வந்துவிடும். சாட்சிகளையும் விடாதீர்கள், வெளியூர்ச் சாட்சி மாமனாகவோ மைத்துனனாகவோ இருக்கலாம், பெண் எடுத்த ஊர் அதில் தெரியவரும்.

எழுத்தைப் படிப்பதில்தான் பலர் தளர்ந்துபோகிறார்கள். ஓலையிலும் பழைய கையெழுத்திலும் புள்ளி இருக்காது. எகர ஏகார வேறுபாடு இருக்காது. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். 1876 என்பதை ௧௮௭௬ என்றும் எழுதுவார்கள், ௲௮௱௭௰௬ என்றும் எழுதுவார்கள். ௧, ௨, ௭, ௮, ௰ ஆகியவை க, உ, எ, அ, ய போலவே இருப்பதால் எண்ணை எழுத்தாகப் படித்துவிடுவது சுலபம். உச்சியில் உள்ள பிள்ளையார் சுழியை இரண்டு என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய். ௸ என்பது மேற்படி. இந்தக் கடைசிக் குறியைத் தெரிந்துகொள்ளாமல் பாகப்பத்திரம் படிக்கவே முடியாது, ஏனென்றால் முதல் வரிக்குப் பிறகு ஆட்களும் ஊரும் மேற்படிக்குள் போய்விடுவார்கள்.

ஆண்டுக் கணக்கும் அப்படியே. வருவாய்க் கணக்குகளில் வரும் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டு வரும். பசலி 1290 என்றால் 1880 ஜூலை முதல் 1881 ஜூன் வரை. திருநெல்வேலிப் பக்கத்துக் கொல்லம் ஆண்டுக்கு ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி வரை 825ஐயும் கூட்ட வேண்டும். ஜாதகத்திலும் ஓலையிலும் வரும் அறுபதாண்டுச் சுற்றுதான் பெரிய ஆபத்து. தாது வருஷம் 1816இலும் வரும், 1876இலும் வரும், 1936இலும் வரும். ஒரு சுற்று தவறினால் இரண்டு தலைமுறை தவறிப்போகும். உள்ளே புல எண் இருக்கிறதா, விலை ரூபாயிலா, பழைய பொன் நாணயமான வராகனிலா, முத்திரைத்தாளில் விக்டோரியா தலை இருக்கிறதா என்று பார்த்துச் சுற்றை முடிவுசெய்யுங்கள். ஆவணத்தில் வரும் வயதை நம்பிப் பிறந்த ஆண்டைக் கணக்கிடாதீர்கள். அது அன்றைக்கு மதிப்பாகச் சொன்ன வயது.

எந்த அலுவலகத்தில் கேட்பது என்பதற்கு அந்தக் கால எல்லை தெரிய வேண்டும். சிவகாசி, சாத்தூர், திருவில்லிபுத்தூர் எல்லாம் 1910 வரை திருநெல்வேலி ஜில்லா. கரூர் அதே ஆண்டு வரை கோயம்புத்தூர் ஜில்லா. சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டுக்குள். கன்னியாகுமரி 1956 வரை திருவிதாங்கூரோடு (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியோடு) இருந்தது. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். சிவகங்கை, இராமநாதபுரம் போன்ற ஜமீன் ஊர்களில் 19ஆம் நூற்றாண்டுக் குடியானவருக்குச் சர்க்கார் பட்டாவே கிடையாது; ஜமீன் கணக்கில்தான் அவர் பெயர் இருக்கும். 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே அங்கெல்லாம் அரசு நிலவரித்திட்டம் வந்தது.

நிலமே இல்லாதவர்கள்? இதை நினைத்தால் மனம் கனக்கிறது. அந்த நூற்றாண்டின் கிராம மக்களில் பெரும் பகுதி பண்ணையாளாகவும் கூலியாகவும் வாழ்ந்தவர்கள். இதுவரை சொன்ன ஆவணம் எதிலும் அவர்கள் இல்லை. கிறிஸ்தவர்களாக இருந்தால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் இருப்பார்கள். கத்தோலிக்கத் திருமணப் பதிவேட்டில் நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்க விலக்கு அளித்த குறிப்பு இருந்தால், மணமக்களின் முன்னோர் எங்கே சேர்கிறார்கள் என்பதும் தெரியும். மற்றவர்களுக்கு, அந்தக் கால ஏழைத் தமிழரைப் பற்றிய நிறைவான ஆள்வாரிப் பதிவுகளில் பல கடல்கடந்து கிடக்கின்றன. சென்னையிலிருந்து போய் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் சேர்ந்த ‘டுரூரோ’ கப்பலில் தொடங்கி, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் வரை எழுதினார்கள். மொரீஷியஸுக்குப் போனவர்களின் பதிவேடுகள் அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ‘தாது வருஷப் பஞ்சத்தில் போனவர் திரும்பவில்லை’ என்று ஒரு வீட்டில் சொல்வார்கள் என்றால், 1876 முதல் 1878 வரையிலான கப்பல் பட்டியல்களில் தேட வேண்டும். அங்கே ஊர்ப்பெயர்கள் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை; முதலில் தாலுகாவை உறுதிசெய்துகொண்டு, ஊர்ப்பெயரை வாய்விட்டுப் படித்து, அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலோடு ஒத்துப்பாருங்கள். இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி பின்னால் நடந்துபோனவர்களுக்கு இப்படி ஒரு பட்டியலைப் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது.

பரணில் கிடைத்த பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பேறினால் எழுத்து போய்விடும். மடிப்பை வலிந்து பிரிக்காமல் நிழலில் ஒரு நாள் விரித்துவைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்துப் படம் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். பதிவு எண்ணும் முத்திரைத்தாள் வாங்கியவர் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

1980இல் கர்ணம் (கிராமக் கணக்கர்), மணியக்காரர் பதவிகள் ஒழிந்தபோது சில கர்ண வீடுகளில் தங்கிவிட்ட கணக்குக் கட்டுகள், வீடு இடிக்கும்போது இன்றும் எடைக்குப் போகின்றன. அந்த வீட்டாரிடம் இருந்து அவற்றைப் பெற்று ஆவணக் காப்பகத்தில் சேர்க்க மாவட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும். பதிவுத்துறை 1865 முதலான புத்தகங்கள் முழுவதையும் வருடக்கணக்கில் ஸ்கேன் செய்துகொண்டிருக்காமல், பெயர்க் குறியீட்டுப் புத்தகங்களை மட்டுமாவது முதலில் படமெடுத்து மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள்: தமிழ் எண்களையும், வருஷம், மாதம், தேதி, மேற்படிக் குறிகளையும் கால் பக்க அளவில் ஒரு ஞாயிறன்று அச்சிட்டுத் தாருங்கள். வெட்டியெடுத்துப் பத்திரப் பையில் வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
பழைய பத்திரங்கள் படிக்கும் வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.