மாதர் சங்க ஆண்டறிக்கை 2024-25

தலைவி அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு பத்து முறை கூடியது. பொங்கல் கோலப்போட்டி நன்றாக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கர்ப்பிணிகளின் தடுப்பூசி பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

ஆடி மாதக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர், தன் தலைச்சன் பிள்ளையை ரண ஜன்னிக்கு, அதாவது டெட்டனஸ் நோய்க்கு, பறிகொடுத்ததைச் சொன்னார். மூன்று நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை நாலாம் நாள் வாய் திறக்க முடியாமல் விறைத்துப் போனதாம். தொப்புள்கொடியை அறுத்தது வீட்டு அரிவாளால். “இப்போதுதான் ஊசி இருக்கிறதே, எல்லோரும் போட்டுக்கொள்கிறார்களா?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அப்புறம்தான் வீடு வீடாகப் போனோம்.

குழந்தைக்கு இந்த நோய்க்கான முதல் ஊசி ஆறாவது வாரத்தில்தான். அதுவரை தாய்க்குப் போட்ட ஊசியால் உண்டான எதிர்ப்புச் சக்தி, நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்க் காக்கிறது. 1988இல் உலகம் முழுக்கச் சுமார் 7,87,000 பச்சிளம் குழந்தைகள் ரண ஜன்னியால் இறந்தன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2015இல் இந்தியா இந்நோயை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் கிருமி மண்ணிலேயே இருக்கிறது, ஊசியை விட்டால் நோய் திரும்பி வரும்.

நாங்கள் கண்ட குறை இது: முதல் ஊசியை எல்லோரும் போட்டிருந்தார்கள். நாலு வாரம் கழித்துப் போட வேண்டிய இரண்டாவதுதான் சிலருக்கு விட்டுப்போயிருந்தது. தாமதமாகப் பதிவு செய்தவர்கள், வளைகாப்பு முடிந்து தாய்வீடு போனவர்கள். தடுப்பூசி அட்டை மாமியார் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்னாவது அந்த ஊசி உள்ளே போயிருக்க வேண்டும். அப்படி விட்டுப்போன பெண்களைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் புதன்கிழமைகளில் நாங்களே கூட்டிப்போனோம். “வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது” என்று தயங்கிய ஒரு மாமியாரிடம் அந்த மூத்த உறுப்பினரே போய்ப் பேசினார். மறுவாரம் மாமியாரே மருமகளை அழைத்து வந்தார். இந்த ஆண்டில் எனக்கு மிக நிறைவு தந்தது அதுதான்.

கக்குவான் இருமல் பற்றியும் பலர் கேட்டார்கள். இங்கிலாந்தில் 2012இல் அது பரவி, மூன்று மாதம்கூட ஆகாத 14 குழந்தைகள் இறந்தன. அந்த அக்டோபரிலேயே கர்ப்பிணிகளுக்கு ஊசி தொடங்கினார்கள். பச்சிளம் குழந்தைகளுக்குச் சுமார் 90 சதவீதம் பாதுகாப்புக் கிடைத்தது. இங்கே அரசு கர்ப்பிணிகளுக்குப் போடும் ஊசியில் அது சேரவில்லை, மருத்துவரிடம் கேட்டுத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) ஊசியைக் கர்ப்பத்தில் போடக் கூடாது, அதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

வரும் ஆண்டில் வளைகாப்பு அழைப்பு வந்த வீட்டின் பெயரை எனக்குத் தெரிவியுங்கள். அட்டையும் பெண்ணோடு போகிறதா என்று பார்த்துவிடுவோம்.

நன்றி.
செயலாளர்