டூஹே முழுவதும் தோற்றாரா?

அன்பு மகன் செழியனுக்கு,

உன் ஆய்வுக் கட்டுரையின் முதல் வரைவைப் படித்தேன். இத்தாலியத் தளபதி ஜூலியோ டூஹே 1921-இல் முன்வைத்த வான்போர்க் கோட்பாடு பொய்த்துப்போயிற்று என்று ஒரே பத்தியில் முடித்துவிட்டாய். அவ்வளவு அவசரம் வேண்டாம், கண்ணா.

முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் ஒரு தலைமுறையே மடிந்ததைக் கண்டவர்களுக்கு, எல்லையைத் தாண்டிப் பறந்து பகைநாட்டின் நகரங்களையும் ஆலைகளையும் தாக்கினால் போர் விரைவில் முடியும் என்ற அவருடைய வாதம் கொடியதென்றாலும் ஆறுதலாகவே ஒலித்திருக்கும். பிரிட்டனில் வான்படைத் தலைவராயிருந்த டிரென்சார்டின் எண்ணமும் அதை ஒட்டியதே. அமெரிக்காவின் மேக்ஸ்வெல் தளத்திலிருந்த வான்போர்ப் பள்ளியின் ஆசிரியர்களோ, மின்நிலையம், ரயில்பாதை போன்றவற்றைப் பகலில் குறிபார்த்துத் தாக்கினால் போதும் என்று கற்பித்தார்கள். குண்டு இலக்கில் விழும் என்பதை எல்லோரும் வைத்துக்கொண்டே பேசினார்கள்.

இரண்டாம் உலகப்போரின்போது, 1941 ஆகஸ்டில் பட் என்ற பிரிட்டிஷ் அரசு அலுவலர் இரவுத் தாக்குதல் புகைப்படங்களை ஆராய்ந்தபோது, இலக்கைத் தாக்கியதாகப் பதிவான பிரிட்டிஷ் விமானங்களில் மூன்றில் ஒன்றே அதன் 5 மைல் தொலைவுக்குள் சென்றிருந்தது தெரியவந்தது. ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியில் பத்தில் ஒன்றுதான். 1942 பிப்ரவரியில் நகரங்களையே இலக்காக்கிய ஆணை பிறந்ததற்கு இந்த இயலாமையும் ஒரு முக்கியக் காரணம். உன் வரைவில் இந்த அறிக்கை அடிக்குறிப்பில் கிடக்கிறது; அதை மேலே கொண்டு வா.

அமெரிக்கர்களின் பாடம் 1943 அக்டோபர் 14 அன்று ஜெர்மன் நகரமான ஷ்வைன்ஃபர்ட்டில் வந்தது. துணைக்குப் போர் விமானங்கள் இலக்குவரை செல்ல முடியாத நிலையில், புறப்பட்ட 291 பி-17 குண்டுவீச்சு விமானங்களில் 60 திரும்பவில்லை. பிறகு, கூடுதல் எரிபொருள் கலன்களோடு நெடுந்தூரம் பறக்கும் மஸ்டாங் போர் விமானங்கள் வந்தன. 1944 ஜனவரியில் அமெரிக்காவின் எட்டாம் வான்படைப் பொறுப்பேற்ற தளபதி டூலிட்டில், குண்டுவீச்சு விமானங்களை ஒட்டியே பறக்க வேண்டியதில்லை, ஜெர்மன் விமானங்களைத் தேடிச் சென்று வீழ்த்துங்கள் என்று தம் விமானிகளை அவிழ்த்துவிட்டார். ஆலைகளைக் காக்க மேலெழுந்த ஜெர்மன் விமானிகள் ஈடுசெய்ய முடியாத அளவில் மடிந்தார்கள். குண்டுவீச்சு விமானங்கள் தூண்டில் இரையாகவும் பயன்பட்டன.

வானை வசப்படுத்தாமல் வெற்றியில்லை என்ற டூஹேயின் கூற்று பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்கிய நாளில் மெய்யாயிற்று. ஆனால் அதைச் சாதித்தது அவர் மதிக்காத வான்சண்டை. ஆகவே அந்தப் பத்தியை இரண்டாகப் பிரித்து எழுதி, அடுத்த வரைவை அனுப்பு.

அன்புடன்,
அம்மா