வலை மடி மாற்றுவது: ஞாயிறு கூட்டம்
உறுப்பினர்களுக்கு வணக்கம். இழுவலை மடிக்கு (மீன் வந்து சேரும் கடைசிப் பைக்கு) 40 மி.மீ. சதுரக் கண்ணி, அதாவது சதுர வலைக்கண், போடுவதா என்று ஞாயிறு முடிவெடுக்கிறோம். புது மடியின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். சின்னக் கண்ணியில் சேரும் சங்காயம் (சாப்பாட்டுக்கு விலைபோகாத பொடிமீன் கலவை) தீவன ஆலைக்குத்தான் போகிறது. அதில் கிடக்கும் விரல் நீளச் சங்கரா, கிழங்கான் குஞ்சுகள் வளர்ந்து ஏலத்துக்கு வந்தால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போடுங்கள். சதுரக் கண்ணியில் தண்ணீர் தாராளமாகப் போகும், டீசலும் மிச்சமாகும்.

ஆனால் தொடக்கத்தில் வரவு குறையும். சங்காயக் காசை நம்பியிருக்கும் கூலி ஆட்களுக்குத்தான் அடி அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையிலும் சிரமப்படுவது அவர்கள்தானே! அவர்களுக்கு என்ன ஈடு என்பதைப் பேசாமல் கைதூக்க வேண்டாம் என்பது என் கருத்து. டீசல் பில், மீன் ஏல ரசீது இருந்தால் கொண்டு வாருங்கள்.