வாய் திறக்க ஒரு காரணம் கொடு

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிர் ஆரம்பித்திருக்கும், காலையில் காதை மூடிக்கொண்டு பள்ளிக்குப் போ.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்ல ஆரம்பித்தேன், சிக்னல் போய்விட்டது. அதுவும் நல்லதுதான். இது நிதானமாக எழுதிச் சொல்ல வேண்டிய விஷயம்.

எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் விளையாட்டு வைத்தாய், படம் ஒட்டிய அட்டை காட்டினாய், பாட்டுப் போட்டாய். பிள்ளைகள் சிரித்தார்கள், கை தட்டினார்கள், மணி அடித்ததும் "இன்னொன்னு டீச்சர்" என்றார்கள். ஆனால் அவ்வளவும் தமிழிலும் தெலுங்கிலுமே நடந்து முடிந்தது, ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம் வரவில்லை என்றாய். "சுவாரசியமா நடத்துங்கன்னு பயிற்சியில சொன்னாங்க, நடத்திட்டேன், இங்கிலீஷ் எங்கம்மா?" என்று நீ கேட்டது காதிலேயே நிற்கிறது.

அந்த விளையாட்டில் ஜெயிக்க ஆங்கிலம் தேவைப்படவில்லை, கண்ணு. படத்தைத் தொட்டால் போதும், சத்தமாக ஒரு சொல்லைக் கத்தினால் போதும். வேலை முடிந்துவிடுகிறது என்றால் பிள்ளை எதற்கு மெனக்கெட்டு வாக்கியம் அமைக்கும்? வகுப்பில் சிரிப்பு இருக்கட்டும், எனக்கு அது பிடிக்கும். ஆனால் பாடத்தைத் தயார் செய்யும்போது நீ உன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, ஆங்கிலம் இல்லாமல் இந்த வேலையைப் பிள்ளைகள் முடித்துவிட முடியுமா என்பது. முடியும் என்றால் அந்தப் பாடத்தை மாற்று.

உன் வகுப்பையே எடுத்துக்கொள். பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு, சிலருக்குக் கன்னடம். தமிழைப் பள்ளிக்கு வந்துதான் எழுதப் படித்தார்கள். எட்டாம் வகுப்புக்குள் இரண்டு மூன்று மொழி பேசும் பிள்ளைகளை "மொழி வராத பிள்ளைகள்" என்று யார் சொன்னாலும் நீ நம்பாதே. பக்கத்து வீட்டுப் பையனோடு விளையாட வேண்டியிருந்தது, சந்தையில் விலை கேட்க வேண்டியிருந்தது, அதனால் அந்த மொழிகள் வந்தன. அதே மாதிரி ஒரு தேவையை ஆங்கிலத்துக்கு உன் நாற்பது நிமிடத்துக்குள் உண்டாக்க வேண்டும். ஆங்கில ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய வேலை வேறு இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

இது வெளிநாட்டிலிருந்து வந்த யோசனை என்று யாராவது சொன்னால், என்.எஸ். பிரபுவைப் பற்றிச் சொல். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். 1979-இல் பெங்களூரில், ஆங்கிலம் கற்பிப்பதில் ஒரு சோதனை முயற்சியைத் தொடங்கினார். ஐந்து ஆண்டுகள் நடந்தது. பெங்களூர், சென்னை, அப்புறம் நம் கடலூர்ப் பள்ளி வகுப்பறைகளிலும் நடந்தது. இன்று உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர்கள் படிக்கிற சங்கதி இது. இலக்கண விதியை வரிசையாகச் சொல்லிக்கொடுக்கும் பாடத்திட்டத்தை அவர் ஓரமாக வைத்துவிட்டார். ரயில் அட்டவணை, வரைபடம், பள்ளியின் பாடவேளை அட்டவணை, இவைதான் பாடம். அட்டவணையைப் பார்த்து, எந்த வண்டியில் ஏறினால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். மனம் விடையைத் தேடிக்கொண்டிருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் வாதம்.

அவர் எப்படி நடத்தினார் என்பதையும் கவனி. முதலில் இப்படி ஒரு புதிரை ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து, கேள்வி பதிலாகப் பேசிப் பேசித் தீர்ப்பார்கள். அப்புறம் அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தனித்தனியாகச் செய்வார்கள். விடை சரியா என்றுதான் பார்ப்பார்கள். குழு வேலையில் அவருக்கு நம்பிக்கை இல்லை, பிள்ளைகள் ஒருவர் தப்பை ஒருவர் படித்துக்கொள்வார்கள் என்று நினைத்தார். இந்த ஒரு விஷயத்தில் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் ஜோடியாகப் பேசவிடாவிட்டால் கடைசி பெஞ்சுக்கு வருஷம் முழுக்க முறையே வராது.

சரி, திங்கட்கிழமை என்ன செய்வது? உங்கள் ஊர் பஸ் நேரத்தை எடுத்துக்கொள். ஓசூர், ராயக்கோட்டை, தளி, அஞ்செட்டி என்று நான்கைந்து ஊர்கள். இரண்டு விதமாகத் தாள் எழுது. முதல் தாளில் பாதி நேரங்கள் இருக்கும், மீதி காலி. முதல் தாளில் காலியானவை இரண்டாவது தாளில் இருக்கும், முதல் தாளில் இருப்பவை இதில் காலி. ஜோடியில் ஆளுக்கு ஒரு தாள், நடுவில் பையை நிறுத்தி மறைத்துக்கொள்ள வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது என்பது மட்டுமே விதி. "வாட் டைம் டஸ் தி தளி பஸ் லீவ்?" என்று கேட்காமல் யாராலும் கட்டத்தை நிரப்ப முடியாது. அந்தக் கேள்வியைக் கரும்பலகையின் மூலையில் எழுதியே வைத்துவிடு, பார்த்துப் படித்தால் படிக்கட்டும். நாலாவது முறை கேட்கும்போது பலகையைப் பார்க்க மாட்டார்கள்.

கட்டம் நிரம்பியதும் அங்கேயே நிறுத்திவிடாதே. நிரம்பிய தாளை வைத்து ஒரு கேள்வி கேள்: பாட்டிக்கு ஓசூர் ஆஸ்பத்திரியில் பத்து மணிக்கு முன்னால் டோக்கன் போட வேண்டும், பேரனுக்குப் பள்ளி ஒன்பதரைக்கு. இரண்டு பேரும் எந்த பஸ்ஸில் ஏறுவார்கள், ஏன்? அந்த "ஏன்" வந்ததும் "பிகாஸ்" வந்துவிடும், "இஃப்" வந்துவிடும். பிரபுவும் காலியிடம் நிரப்புவதைவிட இப்படி யோசித்து முடிவெடுக்க வைக்கும் வேலையைத்தான் பெரிதாக மதித்தார். ராயக்கோட்டை தக்காளி மண்டியை வைத்தும் ஒன்று செய்யலாம். மூன்று வியாபாரிகள், பெட்டிக்கு மூன்று விலை, ஒருவர் கமிஷன் அதிகம் பிடிப்பார், ஒருவர் பணத்தை அடுத்த வாரம்தான் கொடுப்பார். யாரிடம் போடுவாய்? தக்காளி போடுகிற வீட்டுப் பிள்ளைகள் உன் வகுப்பில் உண்டு என்று நீயே சொன்னாய். இந்தக் கணக்கில் அவர்களுக்கு உன்னைவிட அதிகம் தெரியும். தெரிந்ததைச் சொல்லியே ஆக வேண்டும் என்று துடிக்கும் பிள்ளை ஆங்கிலத்துக்காகப் பயந்து உட்கார்ந்திருக்காது.

அப்புறம் ஓட்ட டிக்டேஷன். எனக்கு மிகவும் பிடித்தது, செலவே இல்லாதது. ஐந்தாறு வரி ஆங்கிலப் பத்தி ஒன்றை வராண்டா சுவரில் ஒட்டிவிடு. ஜோடியில் ஒருவர் எழுதுபவர், ஒருவர் ஓடுபவர். ஓடுபவர் சுவரில் படித்து, மனதில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து சொல்ல வேண்டும். தாளைக் கையில் எடுத்து வரக் கூடாது, தூரத்திலிருந்து கத்தவும் கூடாது.

என்னிடம் ஒரு பெண் படித்தாள், ஏழாம் வகுப்பு. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். சுவரில் "தி ஓல்ட் மேன் சோல்ட் ஹிஸ் கவ் அண்ட் வாக்டு ஹோம்" என்று ஒரு வரி. உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள், வாசல்படியில் இடறியும் முணுமுணுப்பை விடவில்லை. எழுதுபவளிடம் வந்து "தி ஓல்ட் மேன் சோல்ட் கவ்" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். ஏதோ ஒன்று விட்டுப்போயிற்று என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. மறுபடி ஓடினாள். போய் அந்த ஒரே ஒரு "ஹிஸ்"ஸை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கரும்பலகையில் அந்தச் சொல்லுக்கு எத்தனை தடவை கோடு போட்டிருப்பேன்! அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, அவள் கால் வலிக்க ஓடிப் போய்த் தானே கொண்டுவந்தாள். அதற்கப்புறம் அவள் நோட்டில் அந்த இடம் தப்பாகவில்லை.

சத்தம் வரும். முன்கூட்டியே பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தால் ஒரு ஜோடியின் நோட்டை எடுத்துக் காட்டு, பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று நீ போனில் சொல்லாமல் சொன்னாய். பெஞ்சில் யார் யாரோடு உட்காருவது என்பது பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, நீ மாற்றினால் முகம் சுளிக்கிறார்கள் என்று. 1971-இல் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரத்தில், கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் புதிதாக ஒரே பள்ளியில் சேர்த்தபோது வகுப்பறையே சண்டைக்களமாக இருந்தது. எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். ஒருவன் துண்டு இன்னொருவனுக்குத் தெரியாது. முழுப் பாடமும் வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் சொல்வதை மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும். நீயும் உன் பாடப்புத்தகத்து உரைநடையை நான்காகப் பிரித்துக் கொடு. யாரோடு உட்கார மாட்டேன் என்று முகம் திருப்புகிறார்களோ, அந்தப் பிள்ளையிடம் கதையின் முடிவு இருக்கட்டும். இதை நீ அவசியம் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆங்கிலத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

பிள்ளைகளை ஜோடியாகப் பேசவிடும்போது முதலில் அவரவர் மொழியில் பேசிக்கொள்ளட்டும். ஆங்கிலம் தவிர வேறு எதுவும் காதில் விழக் கூடாது என்று உங்கள் பள்ளியில் ஒருவர் சொல்கிறாராமே. அவரிடம் வாதாடாதே, ஆனால் அப்படி நடத்தவும் செய்யாதே. யோசனை தெலுங்கில் நடக்கட்டும், விடை ஆங்கிலத்தில் வரட்டும். விளையாட்டின் விதியைத் தமிழில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தால், ஆங்கிலத்தில் விளங்காமல் போகும் பத்து நிமிடம் மிஞ்சும். அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் ஆங்கிலம் பேசலாம்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திரு. நம் எல்லோருக்கும் கஷ்டமான காரியம் இதுதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டு ஒரு வினாடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியதும் விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அவர் பார்த்தது தாய்மொழியிலேயே அறிவியல் படித்த வகுப்புகளை. உன் பிள்ளை கேள்வியைப் புரிந்துகொண்டு, விடையை யோசித்து, அதை ஆங்கிலமாக்கி, தப்பாகிவிடுமோ என்ற பயத்தையும் தாண்டி வர வேண்டும். மனதுக்குள் ஐந்து வரை எண்ணு. அதுவரை முதல் பெஞ்சுக்காரியின் கையைப் பார்க்காதே.

வாக்கியத்தின் நடுவில் திருத்தாதே. "யெஸ்டர்டே ஐ கோ டு மார்க்கெட்" என்று ஒரு பையன் சொன்னால், "ஓ, யூ வென்ட் டு தி மார்க்கெட்? வாட் டிட் யூ பை?" என்று கேள். திருத்தமும் போய்ச் சேரும், நீ அவன் கதையைக் கேட்கிறாய் என்பதும் அவனுக்குத் தெரியும்.

பரீட்சைக்கு என்ன செய்வது என்று கேட்பாய். பத்தாம் வகுப்பில் ஆங்கிலம் ஒரே தாள், 100 மதிப்பெண், பேச்சுக்கு அதில் இடமில்லை. ஆனால் வரைபடம் கொடுத்து வழி சொல்லச் சொல்லும் கேள்வி இருக்கிறது, மாறிக் கிடக்கும் வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்வி இருக்கிறது, படத்தைப் பார்த்து எழுதும் கேள்வி இருக்கிறது. இதெல்லாம் மேலே சொன்ன வேலைகளேதான். மனப்பாடம் செய்த பிள்ளை வரைபடம் மாறியதும் தடுமாறும். பேசிப் பழகிய பிள்ளைக்கு அந்தச் சிக்கல் வராது.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்காதே, உடம்பு தாங்காது. வாரத்துக்கு இரண்டு வகுப்பு போதும், மற்ற நாட்களில் வழக்கம் போல நடத்து. ஜெராக்ஸுக்கு உன் கைக்காசைக் கரைக்க வேண்டாம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பிள்ளைகளையே எழுத வை, ஒரு செட் செய்தால் மூன்று வகுப்புக்கு ஓடும்.

அப்பா உனக்கு ஸ்வெட்டரும் ஒரு கட்டு காலண்டர் தாளும் பார்சல் போட்டிருக்கிறார், வந்ததும் சொல். பஸ் நேரத்தை விசாரித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, இரண்டு தாளையும் நான் எழுதித் தருகிறேன். பாடம் நடந்த அன்று பிள்ளைகள் நிரப்பிய தாள்களில் நன்றாகச் செய்ததை விட்டுவிடு, ரொம்பத் திணறிய நாலைந்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. சிவப்பு மையால் திருத்துவதற்கு முன்னால் அனுப்பு. எங்கே சிக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் அடுத்த தாளை எப்படி எழுதுவது என்று நாம் இரண்டு பேரும் பேச முடியும்.

அன்புடன்,
அம்மா