எந்த நோயும் அண்டாதாமே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல தோட்டப் பக்கத்துல வந்த தக்காளிக் கட்டுரைய படிச்சேன். நல்லாத்தான் போய்ட்டு இருந்துச்சு, மூணாவது பத்தில வந்துச்சு பாருங்க ஒரு வரி, "எதிர்ப்பு ஜீன் பிறவியிலேயே இருப்பதால் இந்தச் செடிகளை எந்த நோயும் அண்டாது"ன்னு. அதோட மடிச்சு வெச்சுட்டேன். எந்த நோயும்! தக்காளிக்கு பூஞ்சை, பாக்டீரியா, வைரஸ், நூற்புழுன்னு வர்றத எல்லாம் எழுதினா உங்க இதழ் முழுசும் பத்தாதுன்னு உங்களுக்குத் தெரியாததா சார், அத்தனையும் ஒரே ஜீன் பாத்துக்கும்னா அது ஜீன் இல்ல, குலதெய்வம்.

விதை பாக்கெட்ட திருப்பிப் பாத்தா வி, எஃப், என், டி-ன்னு சின்னதா எழுத்து போட்டிருக்கும். வி வெர்ட்டிசீலியம் வாடல், எஃப் ஃபுசேரியம் வாடல், என் வேர்முடிச்சு நூற்புழு, டி புகையிலை மொசைக் வைரஸ். அந்த நாலுக்குத்தான் அந்தப் பேச்சு. அஞ்சாவதா இலைச்சுருள் வைரஸ் வந்துச்சுன்னா வி எஃப் என் டி எல்லாத்தையும் வெச்சுக்கிட்டே செடி சுருண்டு நிக்கும். அந்த எஃப்-ன்றதே ஒண்ணு இல்ல, ஃபுசேரியத்துல மூணு ரேஸ், அதாவது மூணு உள்வகை, இருக்கு, ஐ-ன்ற ஜீன் முதல் ரேஸத் தடுத்துச்சு, பூஞ்சை மாறி ரெண்டாவது ரேஸ் வந்துச்சு, ஐ-2 தேடிப் புடிச்சாங்க, மூணாவது ரேஸ் வந்துச்சு, ஐ-3க்கு பென்னெல்லைன்ற காட்டுத் தக்காளிகிட்ட போனாங்க. இந்த ஓட்டப்பந்தயம் இன்னும் முடியல. நீங்க கோப்பைய குடுத்துட்டீங்க.

என் கதைய சொல்றேன். நூற்புழுவுக்கான "என்"ன்ற எழுத்து போட்ட பாக்கெட்டா பாத்து வாங்கி நாத்து விட்டு நட்டேன். நல்ல வெயில் காலம். மத்தியானம் ஆனா செடி தொங்கும், சாயங்காலம் நிமிரும், தண்ணி பத்தலன்னு நானும் ஊத்திக்கிட்டே இருந்தேன், கடைசில பொறுக்க முடியாம ஒண்ண புடுங்கிப் பாத்தா வேர் பூரா முடிச்சு முடிச்சா, மணி கோத்த மாதிரி. விதை குடுத்தவர ஏமாத்துக்காரன்னு வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன், பாவம் அந்த மனுஷன். அப்புறம்தான் தெரிஞ்சுது, நூற்புழுவ தடுக்கற மி-ன்ற ஜீன் மண்ணு சூடு 28 டிகிரிய தாண்டினா படுத்துடும்னு. சூடு கம்மியா இருந்தா நூற்புழு வாய் வெச்ச எடத்துல இருக்கற செல்லுங்க தாங்களே செத்து அதுக்கு சாப்பாடு கெடைக்காம பண்ணிடும், சூடு ஏறினா அந்த வித்த பலிக்காது. அவ்ளோதான் விஷயம். இந்த ஒரு வரிய உங்க கட்டுரையில போட்டிருந்தா எத்தனை பேர் மண்ணுக்கு மூடாக்கு போட்டு தப்பிச்சிருப்பாங்க?

அதோட விடல நான். அந்தச் செடில தப்பிச்சது ஒண்ணுலேருந்து விதை எடுத்து குளுமையான பருவமா பாத்து போட்டேன், 20 செடில 6 செடிக்கு வேர்ல முடிச்சு. அது ஹைப்ரிட் சார், தாய் தகப்பன்ல ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும்தான் மி வந்திருக்கு, அடுத்த தலைமுறையில நாலுக்கு ஒண்ணு சுமாரா வெறுங்கையோட பொறக்கும், மெண்டல் பட்டாணிய வெச்சு சொன்ன அதே கணக்கு. உங்க கட்டுரையாளர் "விதையைச் சேமித்து வையுங்கள், எதிர்ப்பு சக்தி தொடரும்"னு வேற எழுதியிருக்கார். தொடரும்தான், எல்லாத்துக்கும் இல்ல.

பழசையும் கேட்டுடறேன், எத்தனை நாள் மனசுலயே வெச்சுக்கறது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால இந்த ரகங்கள எல்லாம் "ஜீன் மாற்றிய தக்காளி"ன்னு தலைப்பு போட்டீங்க. மி ஜீன் வந்தது பெருவியானம்ன்ற காட்டுத் தக்காளிலேருந்து, சாதாரணமா அது நம்ம தக்காளியோட சேராது, 1940கள்ல கருவ தனியா எடுத்து கண்ணாடிக்குள்ள வளத்து ஒரு கலப்புச் செடிய உண்டாக்கினாங்க. அந்த ஒத்தைச் செடியோட வாரிசுங்கதான் இன்னிக்கு "என்"ன்ற எழுத்து போட்டு வர்ற ரகங்கள். இலைச்சுருளுக்கு டிஒய்-1ன்ற ஜீன் சிலென்சி காட்டுத் தக்காளிகிட்ட வாங்கினது. எல்லாம் மகரந்தம் மாத்தி, தலைமுறை தலைமுறையா திரும்பத் திரும்ப கலந்து கொண்டுவந்தது. இத விளக்கி "இது ஜீன் மாற்றியது இல்லை"ன்னு கடிதம் போட்டேன், நீங்களும் பெரிய மனசு பண்ணி போட்டீங்க, எடம் பத்தலன்னு கடைசி "இல்லை"ய வெட்டிட்டீங்க. என்னைத் தெரிஞ்சவங்க எல்லாம் ஃபோன் பண்ணி எப்ப கட்சி மாறினேன்னு கேட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவ இலைச்சுருள் வந்த செடி ஃபோட்டோவுக்கு கீழ "நீரின்றி வாடும் தக்காளி"ன்னு போட்டீங்க, அதையும் முழுங்கிட்டேன்.

டிஒய்-1 இருந்தா வைரஸ் உள்ளயே வராதுன்னும் இல்ல. வரும், கொஞ்சமா பெருகும், செடி வெளிய காட்டிக்காம காய்க்கும், வெள்ளை ஈ அதுலேருந்து உறிஞ்சி பக்கத்துச் செடிக்கு கொண்டுபோகவும் முடியும். எந்த நோயும் அண்டாதுன்னு நம்பி வெள்ளை ஈய கண்டுக்காம விட்டவன் என்ன ஆவான்? மொசைக் வைரஸ தடுத்து பல பத்து வருஷமா அசையாம நின்ன டிஎம்-2 ஸ்கொயர் ஜீனையே ஒரு புது வைரஸ் தாண்டிடுச்சு, 2014ல இஸ்ரேல்ல பாத்தாங்க, 2015ல ஜோர்டான்ல, இப்ப எத்தனையோ நாட்டுல தக்காளிக்காரங்க தூக்கத்த கெடுக்குது. உங்க ஆளுங்க செய்தி படிக்கறது உண்டுதானே.

நான் பெருசா ஒண்ணும் கேக்கல. அடுத்த இதழ்ல ஒரு மூலையில ரெண்டு வரி திருத்தம் போடுங்க, இனிமே "நோய் எதிர்ப்பு ரகம்"னு எழுதறப்பல்லாம் எந்த நோய்க்குன்னு பக்கத்துல ஒரு வார்த்தை சேத்துக்கோங்க. எடம் பத்தலன்னா என் கடிதத்துல எத வேணா வெட்டிக்கோங்க, இல்லைகள மட்டும் விட்டு வெய்ங்க.

இப்படிக்கு,
உங்க பழைய சந்தாதாரர்